வீட்டு மின்சாரத்தின் சுருதி

நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் தடித்த ஈ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் ஒலி 41.2 ஹெர்ட்ஸ். அடுத்த ஏ, டி, ஜி கம்பிகள் 55, 73.4, 98. இந்திய வீடுகளின் சுவருக்குள் ஓடும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் அது நேர் மின்னோட்டமாக மாறும்போது கிளம்பும் உறுமல் 100 ஹெர்ட்ஸ். பத்துக்குப் பத்து அடி அறை தானாகவே அதிரும் ஒலியும் 56, 57 ஹெர்ட்ஸ் அளவில்தான். பேஸ் வாசிக்கும் சுரங்களும் வீட்டின் சொந்த முனகலும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. வீட்டுக் கணினியில் பேஸ் பதிவு செய்யும்போது தலைகாட்டும் கோளாறுகளில் பல, கணினியைக் கழற்றிப் பார்த்தாலும் அகப்படாததற்குக் காரணம் இதுதான்.

இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை 2012 வாக்கில், சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி வீட்டு அறையில் நடந்தவை. விண்டோஸ் 7 ஓடிய மடிக்கணினி ஒன்று, ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார் ஒன்று, ஒரு மர மேசை, தலைக்கு மேல் சீலிங் ஃபேன். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸையும், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அதே மாதிரி ஓர் ஓட்டத்தைத் தானே வாசித்துப் பதிவு செய்து பார்க்கும் ஆசை இயல்பானது. ஸ்டூடியோ வாடகை கட்டாமல் அதைச் செய்ய முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்திருந்தது. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆடாசிட்டி முழுக்கவே இலவசம். குறையாக இருந்தது கம்பிக்கும் மென்பொருளுக்கும் நடுவே உள்ள வழி.

முதல் முயற்சி எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். ரிச்சி தெருவில் ஒரு மாற்று ஜாக் வாங்கி, கிட்டார் கேபிளின் பெரிய முனையைச் சிறியதாக்கி, மடிக்கணினியின் மைக் துளையில் செருகுவது. சத்தம் வரும். ஆனால் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக வரும். அதோடு ஒரு விசித்திரமும் சேர்ந்துகொள்ளும். ஒரு சுரத்தை மீட்டி நீளப் பிடித்தால், ஓரிரு நொடியில் அது யாரோ வால்யூமைத் திருகிக் குறைத்ததுபோல் அமுங்கிப் போகும். கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருப்பது விரலுக்குத் தெரியும். திரையில் அலை மட்டும் மெலிந்திருக்கும்.

இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. பேட்டரி இல்லாத பேஸின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக்கம்பி. அதிலிருந்து வரும் மின்குறிப்பு மிக நலிவானது. 10 லட்சம் ஓம் அளவுக்குத் தடை உள்ள வாயிலில்தான் அது முழுசாக நுழையும். மைக் துளையின் தடை சில ஆயிரம் ஓம்தான். அந்தச் சுமையில் முதலில் சாவது மேல்ஸ்தாயி. விரல் கம்பியை உரசும் ஒலி, கம்பி ஃப்ரெட்டில் படும் ஒலி எல்லாம் போய்விடும். போதாக்குறைக்கு, அந்தத் துளை சிறு மைக்குகளுக்காகச் சில வோல்ட் மின்சாரத்தையும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். நீண்ட சுரம் அமுங்கியது வேறு கதை. மடிக்கணினியின் ஒலி டிரைவர், பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. பேச்சில் இல்லாமல் ஒரே சீராக நீளும் தாழ்ந்த ஒலி எதுவும் அதற்கு ஃபேன் சத்தம், ஆகவே அடக்கிவிடும். கன்ட்ரோல் பேனலில் ரெக்கார்டிங் பகுதிக்குப் போய், இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம் முதலான மேம்பாடுகளை எல்லாம் அணைத்ததும் சுரம் நீண்டது. மங்கல் தீரவில்லை, அதற்கு மருந்து, பிக்கப்புக்கு ஏற்ற உயர்தடை வாயில் உள்ள டிஐ பாக்ஸ் அல்லது அதே வாயிலோடு யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணையும் ஆடியோ இன்டர்ஃபேஸ்.

இன்டர்ஃபேஸ் வந்த பிறகும் சத்தம் வராமல் போவதற்கு ஏராளமான வழிகள் இருந்தன. அவை எல்லாம் சில்லறைக் கோளாறுகள், ஆனால் ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடக்கூடியவை. முன்புறத்தில் ‘இன்ஸ்ட்’ என்று எழுதிய பொத்தானை அழுத்தாவிட்டால் பழைய மங்கல் திரும்பும். மென்பொருளில் ஒலிச் சாதனமாக இன்னும் மடிக்கணினியின் உள் ஒலியட்டையே தேர்வாகி இருந்தால், இன்டர்ஃபேஸின் பச்சை விளக்கு மினுக்கும், திரையில் அசைவிருக்காது. டிராக்கை ஸ்டீரியோவாகத் திறந்தால் முதல் வாயில் இடது பக்கமாக மட்டும் பதிவாகி, பேஸ் ஒரு காதில் மட்டும் கேட்கும். மோனோவாகத் திறக்க வேண்டும். பின்னாளில் விண்டோஸ் 10 தன் 2018 புதுப்பிப்பில் மைக்ரோஃபோன் அனுமதிச் சுவிட்சை இத்தகைய மென்பொருள்களுக்கும் விரித்தது. அது அணைந்திருந்தால் பேஸும் அதற்கு மைக்தான். நேற்றுவரை ஓடியது இன்று ஊமையாகிவிடும்.

கெயின், அதாவது உள்ளே வரும் ஒலியின் ஏற்றம், வைப்பதில் ஒரு பழக்கம் மாற வேண்டியிருந்தது. டேப் காலத்து அறிவுரை, சிவப்பைத் தொடும் அளவுக்கு ஏற்று என்பது. டேப்பின் இரைச்சலுக்கு மேலே நிற்க அது தேவைப்பட்டது. 24 பிட் பதிவில் ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் கணக்கில் 144 டெசிபல் இடம் இருக்கிறது. ஆகவே மிக ஓங்கி மீட்டும்போது −12 டெசிபலைத் தொட்டால் தாராளம். இதை மெதுவாக வாசித்து அளக்கக் கூடாது. பாட்டு ஓட ஆரம்பித்ததும் விரல் தானாக ஓங்கும். கட்டை விரலால் அடிக்கும் ‘ஸ்லாப்’ என்றால் சொல்லவே வேண்டாம். பேட்டரி உள்ள பேஸில் இன்னொன்றும் உண்டு: 9 வோல்ட் பேட்டரி தீரும் நிலையில் ஒலி கரகரக்கும், எல்லோரும் கெயினைக் குறைத்துக்கொண்டே இருப்பார்கள். கேபிள் செருகியிருக்கும் வரை அந்தப் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பது பல பேருக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் பிடுங்கிவிட வேண்டும்.

இனி முனகல். இதுதான் அந்த அறையின் பெரிய கதை.

ஹெட்போனை மாட்டியதும் அடியில் ஓர் ‘ம்ம்ம்’ கேட்டது. ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டியபோது அந்த ‘ம்ம்ம்’ நொடிக்கு ஒரு தரம் ஏறி இறங்கி அலைபாய்ந்தது. அந்த ஃப்ரெட்டின் ஒலி ஜி, அதாவது 49 ஹெர்ட்ஸ், மின்சாரம் 50, இரண்டுக்கும் இடையே உள்ள ஒரு ஹெர்ட்ஸ்தான் அந்த அலைவு. ஜி கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 98-க்கும் 100-க்கும் இடையே நொடிக்கு இரண்டு அலைவு. சுருதி சேராத ஒரு தம்பூரா வீட்டுச் சுவருக்குள் இருப்பதாகவே அர்த்தம். மின்தொகுப்பில் சுமை கூடினால் அதிர்வெண் 50-க்குச் சற்றுக் கீழே இறங்கும். தென் மண்டலத் தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து இணைந்தது. அதற்கு முன் தனித்து ஓடிய காலத்தில், மாலை நேரச் சுமையில் அலைவு மெதுவானதைக் காதாலேயே பிடிக்க முடிந்தது. மின்சாரம் ஜி-யை நோக்கி இறங்கிவந்தது. பேஸ்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இதில் மகிழ்ச்சி இருந்திருக்காது.

முனகலைத் துரத்த ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பேஸின் வால்யூம் குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். முனகல் நின்றால் அது பிக்கப் வாங்கும் முனகல். நிற்காவிட்டால் கேபிள், இன்டர்ஃபேஸ், கணினி, பிளக் என்று பின்னால் போக வேண்டும். அந்த அறையில் அது பாதி நின்றது. அதாவது இரண்டு முனகல்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. பல வீடுகளில் நிலைமை இப்படித்தான். ஒன்றைச் சரிசெய்தும் சத்தம் குறையாததால் அந்த வழியையே தவறென்று கைவிட்டுவிடுகிறார்கள்.

பிக்கப் பக்கம் எளிது. ஜாஸ் பேஸ் வகையில் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றப்பட்டவை. குமிழ் இரண்டையும் முழுக்கத் திறந்தால் வெளிக்காந்தப் புலம் தரும் முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். பிரிசிஷன் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1957-இல் ஃபென்டர் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கியதன் பலன் அது. பேஸோடு நாற்காலியில் அமர்ந்தபடி மெல்லச் சுழன்றாலும் முனகல் ஏறி இறங்கும். ஒரு குறிப்பிட்ட திசையில் ஏறக்குறைய மறைந்தே போகும். மேற்கு மாம்பலத்து அறையில் அந்தத் திசை பூஜை அறைச் சுவரைப் பார்த்து இருந்தது. முனகலின் மூலம் மேசையடியில் இருந்த அடாப்டர் கூட்டம். அதைப் பிக்கப்பிலிருந்து நான்கடி தள்ளிவைத்ததும் பாதி வேலை முடிந்தது.

மீதி, எர்த்தின் வேலை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பார்ப்பது இதற்கான ஒரே சோதனை, ஐந்து நொடிச் சோதனை. பிடுங்கியதும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் சட்டென்று நின்றது. இரண்டு முள் சார்ஜரானால் உள்ளே உள்ள வடிகட்டி மின்தேக்கி வழியாக மிகச் சிறிய கசிவு கணினியின் உலோகத்துக்கு வந்துசேரும். கம்பியில் மணிக்கட்டு உரசும்போது குறுகுறுவென்று ஓர் ஊறல் தெரிவதும் இதனால்தான். மூன்று முள் சார்ஜரானாலும், சுவரில் உள்ள மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் இருக்க வேண்டும். வரவழைக்கப்பட்ட எலக்ட்ரீஷியன், ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரை பேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்த ஒயரை எர்த்துக்கு மாற்றினார். உள்ளே இழை மட்டும் சிவந்தது.

“எர்த் இருக்கு சார். ஆனா பேருக்குத்தான் இருக்கு.”

(மின்வேலையில் ‘பேஸ்’ என்றால் உயிர்க்கம்பி. அன்றைக்கு அந்த அறையில் இரண்டு பேஸ்களும் மாறி மாறிப் பேசப்பட்டுக் குழப்பம் வந்தது.)

பின்புறம் கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்த எர்த் குழி வறண்டு கிடந்தது. கரியும் உப்பும் போட்டு நிரப்பிய அந்தக் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மண் காய்ந்தால் தடை ஏறிவிடும். குழியைத் திறந்து, துருப்பிடித்த இணைப்பைத் தேய்த்து முறுக்கி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் விட்ட பிறகு பல்பு ஒழுங்காக எரிந்தது. ஹெட்போனில் உறுமல் அடங்கியது. இப்படிச் செய்யாமல் சார்ஜர் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடும் ஒரு வைத்தியமும் புழக்கத்தில் உண்டு. சத்தம் நிற்கத்தான் செய்யும். ஒரு நாள் உள்ளே ஏதாவது பழுதானால் 230 வோல்ட் கம்பியில் வந்து நிற்கும், கம்பியின் மேல் பத்து விரல் இருக்கும். எர்த்தை வெட்டுவதானால் டிஐ பாக்ஸில் உள்ள சுவிட்சில், ஒலிக்குறிப்பு போகும் வழியில் மட்டுமே வெட்ட வேண்டும்.

மற்றச் சத்தங்கள் சின்னவை. அடுக்களையில் மிக்ஸி ஓடினால் அதன் மோட்டாரின் பொறி ‘ஸ்ர்ர்’ என்று பதிவில் விழும். குமிழைத் திருகி வேகம் மாற்றும் ஃபேன் ரெகுலேட்டர் நடு வேகத்தில் ரீங்கரிக்கும், முழு வேகத்தில் சும்மா இருக்கும். பக்கத்தில் கைபேசி இருந்தால், அழைப்பு மணி அடிப்பதற்குச் சற்று முன்பே ‘டிட்-டிட்-டிட்’ என்று பிக்கப் சொல்லிவிடும். 2ஜி கைபேசி நொடிக்கு 217 முறை துடிப்பதன் சத்தம் அது. 1000 ஹெர்ட்ஸில் விசில் போல் மெலிதாகக் கேட்டால் அது யூஎஸ்பியிலிருந்து. ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகினால் பெரும்பாலும் போகும்.

2012-இல் சென்னையில் தினமும் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களில் நிலைமை இதைவிட எவ்வளவோ மோசம். வீட்டு இன்வெர்ட்டர் மலிவான சதுர அலை வகை. அது ஓடும்போது ஃபேனே உறுமும், பிக்கப் கேட்கவே வேண்டாம். ஆனால் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, மடிக்கணினியின் பேட்டரியில், யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் இன்டர்ஃபேஸில் பதிவு செய்தபோது தெரு முழுக்க 50 ஹெர்ட்ஸ் இல்லை. அந்த அறையின் மிகச் சுத்தமான பதிவுகள் மின்வெட்டு நேரத்தில், வியர்வை வழிய வாசித்தவை. அதற்குப் பிறகு எத்தனை பிளக்இன் வாங்கினாலும் அந்தச் சுத்தம் கிடைக்கவில்லை. முனகலைப் பதிவான பிறகு வடிகட்டலாம் என்பது கிட்டாருக்கு ஓரளவு பொருந்தும்; பேஸில் 50-ஐ வெட்டினால் ஜி-யும் ஜி ஷார்ப்பும் சேர்ந்தே மெலியும்.

அடுத்தது தாமதம். மீட்டிய ஒலி கணினிக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்ப நேரமாகும். அதை முடிவு செய்வது பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலி மாதிரிகளின் அளவு. நொடிக்கு 44,100 மாதிரி வீதத்தில் 512 மாதிரிப் பஃபர் என்றால் போக மட்டும் 11.6 மில்லிநொடி, திரும்பி வருவதும் டிரைவர் சேர்ப்பதும் கூடினால் 25-ஐத் தாண்டும். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்கு ஓர் அடிக்குச் சற்று மேலே போகிறது. ஆகவே அது 28 அடிக்கு அப்பால் இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். தாளம் பின்னால் இழுக்கும், வாசிப்பவர் தன் கையைச் சந்தேகிப்பார். 128-க்கு இறக்கினால் ஒரு வழி 2.9 மில்லிநொடி, வாசிக்கலாம். விண்டோஸின் பொது டிரைவரில் அவ்வளவு இறங்குவது கடினம். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏசியோ முறை டிரைவரை, இன்டர்ஃபேஸ் தயாரித்தவர் தந்ததையே நிறுவ வேண்டும். அது இல்லாத சாதனங்களுக்கு ஏசியோ4ஆல் ஓர் ஒட்டுவேலை. பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் அதுவே ஓடியிருக்கிறது.

வாசிப்பதைக் கணினியைச் சுற்றாமல் ஹெட்போனுக்கு அனுப்பும் நேர்வழிக் கேட்பு இன்டர்ஃபேஸிலேயே இருந்தால் தாமதக் கணக்கே வேண்டாம். ஆனால் அதைத் திறந்துவைத்து, மென்பொருளின் கேட்பையும் அணைக்காமல் விட்டால் ஒவ்வொரு சுரமும் இரண்டாகக் கேட்கும். நெருங்கிய இரண்டு ஒலிகள் ஒன்றையொன்று தின்று, பேஸின் அடி காணாமல் போகும். ‘பேஸில் பேஸே இல்லை’ என்ற புகாருக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு அடிக்கடி இதுதான் காரணம்.

பஃபரை இறக்கியதும் ‘டப், டப்’ என்று வெடிப்புகள் ஆரம்பித்தன. பேஸின் நீண்ட, வழவழப்பான அலையில் ஒரு சின்ன வெட்டும் பட்டாசாகக் கேட்கும். டிரம்ஸில் அதே வெட்டு மறைந்துவிடும். செயலியின் வேகத்தைக் குற்றம் சொல்வதுதான் வழக்கம். மென்பொருள் காட்டிய செயலிச் சுமையோ மிகக் குறைவு. லேட்டன்ஸிமான் என்ற இலவச நிரலை ஓடவிட்டுப் பார்த்தபோது, சிவப்புக் கோட்டில் நின்றது நெட்வொர்க் டிரைவர். வைஃபை அடாப்டரை முடக்கியதும் வெடிப்பு நின்றது. ஏதோ ஒரு டிரைவர் சில மில்லிநொடி செயலியை விடாமல் பிடித்துக்கொண்டால், எவ்வளவு வேகமான செயலியானாலும் ஒலிக்கு முறை வராது. மின்சேமிப்பை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ நிலைக்கு மாற்றுவதும், யூஎஸ்பி துளைகளைத் தூங்கவைக்கும் அமைப்பை அணைப்பதும் கூடவே செய்யவேண்டியவை. மே மாதத்தில் வேறொரு வெடிப்பு வரும்: சூடேறிய கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் வருவது. கணினியின் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கிவிட்டால் காற்று போகும்.

மாதிரி வீதம் பொருந்தாத கோளாறு வந்தால் முதலில் சிரிப்பு வரும். ஒரு நாள் பதிவு செய்த பேஸ் மறுநாள் சுருதி ஏறி, வேகமாக ஓடியது. உலாவியில் பார்த்த ஒரு வீடியோ இன்டர்ஃபேஸை 48,000-க்கு மாற்றிவிட்டிருந்தது. 44,100-இல் பதிந்தது அதில் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். ஈ கம்பி எஃபுக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் நின்றது. இரண்டு இடத்திலும் ஒரே வீதத்தைப் பூட்டிவைத்தால் போதும்.

கடைசியாகக் காது. மடிக்கணினியின் ஸ்பீக்கரில் பேஸின் அடிச்சுரம் வராது. கேட்பது அதன் மேல்மடங்குகள் மட்டும். அதை நம்பிக் கீழ்ஸ்தாயியை ஏற்றினால் காரில் போடும்போது கண்ணாடி அதிரும். மேசைக்கு ஸ்பீக்கர் வாங்கிய பிறகும் அந்த அறையில் ஒரு புதிர் இருந்தது: ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் மட்டும் ஒலி வீங்கியது, மற்றவை அடங்கியிருந்தன. பதிவில் அலைகளின் உயரம் சமமாகவே இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி. அந்தத் தூரத்தில் நின்று அதிரும் அலை 56, 57 ஹெர்ட்ஸ். ஏ கம்பி 55. நீளமும் அகலமும் ஒரே அளவு என்பதால் வீக்கம் இரட்டிப்பு. சுவரோரம் அது உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் ஏ-யே காணாமல் போகும். ஒரே பதிவை மூலையில் நின்று கேட்டவர் குறைக்கச் சொன்னார், நடுவில் உட்கார்ந்தவர் கூட்டச் சொன்னார்.

சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைப் பலகைகள் இதற்கு உதவாது; ஆறு மீட்டர் நீள அலைக்கு ஒன்றிரண்டு அங்குல நுரை ஒரு பொருட்டே இல்லை. மூலையில் சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தைகள் கொஞ்சம் வேலை செய்தன. மேசை, சுவரிலிருந்து நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போடப்பட்டது. ஈக்வலைசரில் 55-ஐத் தொடுவது நிறுத்தப்பட்டு, கீழ்ஸ்தாயி முடிவுகள் எல்லாம் ஹெட்போனில் எடுக்கப்பட்டன.